நாளைக்கு எத்தனை ஆம்பியர்? மின்சுமை முன்கணிப்பில் இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மதுரைப் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் மின்னியல் துறையில் முதுகலைத் திட்டமோ முனைவர் பட்டமோ தொடங்குபவர்கள் அடிக்கடி எடுக்கும் தலைப்புகள் இரண்டு. ஒன்று மின்சுமை முன்கணிப்பு: நாளைக்கு எவ்வளவு மின்சாரம் தேவைப்படும் என்று இன்றைக்கே சொல்வது. மற்றொன்று உகப்பாக்கம்: அந்தத் தேவையைக் குறைந்த செலவிலும் குறைந்த இழப்பிலும் எப்படிக் கொடுப்பது என்று கணக்குப் போடுவது. பாடத்திட்டத்தில் இவை தனித்தனி. வேலையில் ஒன்றின் தொடர்ச்சிதான் மற்றொன்று.

புதிதாக வருபவர்கள் வழக்கமாக ஓர் அல்காரிதத்தை முதலில் பிடித்துக்கொள்கிறார்கள். அப்புறம்தான் அதற்குத் தரவு தேடுகிறார்கள். நான் சொல்லப்போவது தலைகீழ் வரிசை. யாரோ ஒருவர் நாளைக்கு எடுக்கப்போகும் முடிவிலிருந்து தொடங்குங்கள். அந்த முடிவுக்கு என்ன கணிப்பு வேண்டும் என்று பாருங்கள். அல்காரிதம் கடைசியில் வரட்டும். இதற்கு ஒரு சாதாரண லேப்டாப்பும், மதுரையில் ஏதாவது ஒரு சப்ஸ்டேஷனின் சுமைப் பதிவும் போதும்.

தொடங்குமுன் தெரிந்திருக்க வேண்டியது

மின்சாரத்தைப் பெரிய அளவில் சேர்த்துவைக்க இன்னும் வசதி குறைவு. ஆகவே உற்பத்தியும் தேவையும் நொடிக்கு நொடி சமமாக இருந்தாக வேண்டும். தேவை கூடினால் கிரிட்டின் (மின் வலையமைப்பின்) அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து இறங்கும். உற்பத்தி கூடினால் ஏறும். இந்தியாவில் அது 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும். 2013 டிசம்பர் 31 அன்று தென்மண்டல கிரிட் மற்ற மண்டலங்களோடு இணைந்தது. அன்றிலிருந்து நாடு முழுக்க ஒரே அதிர்வெண்தான்.

ஒரு நாள் 15 நிமிடம் கொண்ட 96 துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டிலும் எவ்வளவு மின்சாரம் எடுப்போம் என்று மாநிலம் முன்கூட்டியே அட்டவணை கொடுக்க வேண்டும். சொன்னதற்கும் எடுத்ததற்கும் வித்தியாசம் வந்தால் அதற்குத் தனிக் கட்டணம். தமிழ்நாட்டின் உச்சத் தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்த அளவில் 1 சதவீதம் தப்பினால் 208 மெகாவாட். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் ஒரு யூனிட்டே 210 மெகாவாட்தான். சின்னச் சதவீதத்தை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறோம் என்பது இதிலிருந்து புரியும்.

முன்பெல்லாம் தேவையை மட்டும் கணித்தால் போதும். இப்போது உற்பத்தியையும் கணிக்க வேண்டியிருக்கிறது. மதுரைக்குத் தென்கிழக்கே கமுதியில் 648 மெகாவாட் சூரியமின் நிலையம் 2016 முதல் ஓடுகிறது. ஒரு மேகக்கூட்டம் கடந்தாலே அதன் உற்பத்தி மாறும். கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, பாலக்காட்டுக் கணவாய்களில் மே முதல் செப்டம்பர் வரை காற்றாலைகள் முழுவீச்சில் சுற்றும். மற்ற மாதங்களில் நம்ப முடியாது. லோயர்கேம்ப் நீர்மின் நிலையத்துக்கு முல்லைப் பெரியாற்றிலிருந்து தண்ணீர் திறந்தால்தான் வேலை. இத்தனையும் சேர்ந்ததுதான் நம் பகுதியின் மின்சாரம்.

முதல் படி: யாருக்காகக் கணிக்கிறீர்கள்?

மூன்று வகை ஆட்கள் இருக்கிறார்கள். சென்னையில் மாநில லோடு டிஸ்பாட்ச் சென்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு (மதுரையிலும் ஈரோட்டிலும் அதன் துணை மையங்கள் உண்டு) மாநிலம் முழுவதுக்கும் நாளைய 96 எண்கள் வேண்டும். திட்டமிடல் பிரிவில் இருப்பவருக்கு, மதுரை அண்ணாநகர் பக்கம் வீடுகள் பெருகுகிற வேகத்தில் எந்த வருஷம் டிரான்ஸ்பார்மரை மாற்ற வேண்டியிருக்கும் என்று தெரிய வேண்டும். சப்ஸ்டேஷனைக் கவனிக்கும் உதவிப் பொறியாளருக்கு வேறு கேள்வி: நாளை இரவு இந்த ஃபீடர் (சப்ஸ்டேஷனிலிருந்து ஒரு பகுதிக்கு மின்சாரம் கொண்டுபோகும் லைன்) தாங்குமா? பக்கத்து ஃபீடரை நிறுத்தி வேலை பார்க்க எந்த நேரத்தில் ஷட்டவுன் எடுக்கலாம்?

புதியவர்கள் மூன்றாவது ஆளைத்தான் பிடிக்க வேண்டும் என்பேன். அவரை நேரில் போய்ப் பார்க்கலாம். தரவு சிறியது. நீங்கள் சொன்னது சரியா தப்பா என்று மறுநாளே தெரிந்துவிடும். மாநில அளவுச் சுமையில் ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால் பிழை குறைவாகத் தெரியும். ஒற்றை ஃபீடரில் அந்த வசதி கிடையாது. கஷ்டம்தான், ஆனால் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை.

ஆளைப் பிடித்ததும் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். உதாரணத்துக்கு: "தினமும் காலை 10 மணிக்கு, மறுநாள் 24 மணி நேரத்துக்கும் இந்த 11 கேவி ஃபீடரின் ஆம்பியரைச் சொல்ல வேண்டும்." இதில் 'காலை 10 மணி' ரொம்ப முக்கியம். அந்த நேரத்தில் கையில் இருக்கும் தகவல் மட்டுமே உங்கள் மாடலுக்குள் போகலாம். இன்று மாலை என்ன லோடு வந்தது என்பது காலை 10 மணிக்குத் தெரியாது. இதை மறந்துபோய்ச் செய்த ஆய்வுகளில் முடிவுகள் அழகாக இருக்கும். சப்ஸ்டேஷனில் ஒருநாள்கூட வேலை செய்யாது.

இரண்டாம் படி: லாக் ஷீட்டைப் படியுங்கள்

தரவு கேட்க முறை இருக்கிறது. துறைத்தலைவரின் கடிதத்தோடு மின் பகிர்மான வட்டத்தின் மேற்பார்வைப் பொறியாளருக்கு விண்ணப்பியுங்கள். நகருக்குள் என்றால் மதுரை மாநகர் வட்டம்; மற்ற ஊர்களுக்கு எந்த வட்டம் என்று செக்‌ஷன் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். என்ன வேண்டும் என்று குறிப்பாக எழுதுங்கள்: எந்த சப்ஸ்டேஷன், எந்த ஃபீடர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, மணிக்கு ஒரு பதிவா அல்லது மீட்டரிலிருந்து எடுத்த 15 நிமிடப் பதிவா. மூன்று வருஷம் கிடைத்தால் நல்லது. நுகர்வோர் பெயரோ இணைப்பு எண்ணோ வேண்டாம் என்றும் எழுதிவிடுங்கள். அது உங்களுக்குத் தேவையும் இல்லை, கேட்டால் கோப்பு நகர்வதும் தாமதமாகும்.

அனுமதி கிடைத்து உள்ளே போனால் ஷிஃப்டில் இருப்பவர் காட்டும் இடத்தில் மட்டும் நில்லுங்கள். யார்டுக்குள் குடை, இரும்பு டேப், நீளமான கம்பி எதுவும் கொண்டுபோகக் கூடாது. 11 கேவி லைனைத் தொட்டால்தான் ஆபத்து என்று இல்லை, நெருங்கினாலே ஆபத்து.

கண்ட்ரோல் ரூமில் லாக் ஷீட் இருக்கும். இடது ஓரத்தில் மணி. அடுத்தடுத்த கட்டங்களில் வோல்டேஜ், ஒவ்வொரு ஃபீடரின் ஆம்பியர், டிரான்ஸ்பார்மரின் எண்ணெய் வெப்பம், வைண்டிங் வெப்பம், டேப் நிலை (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்சின் படி). கடைசியில் குறிப்பு எழுத ஒரு கட்டம். இந்தத் தாளோடு சில மணி நேரம் செலவழியுங்கள். ஆம்பியர் கட்டத்தை மேலிருந்து கீழாகப் பாருங்கள்: 145, 150, 150, 160, 155. எல்லாம் 5இல் முடிகிறதா 0இல் முடிகிறதா என்று கவனியுங்கள். முள் ஓடும் பழைய அம்மீட்டரில் அதைவிட நுணுக்கமாகப் படிக்க முடியாது. 150 ஆம்பியரை 5க்கு முழுமையாக்கினால் மேலும் கீழும் 2.5 ஆம்பியர் வரை வித்தியாசம் இருக்கலாம்; கிட்டத்தட்ட 1.7 சதவீதம். அப்படியென்றால் "என் மாடல் 0.3 சதவீதம் முன்னேற்றம் காட்டுகிறது" என்று எழுதுவதில் பொருளே இல்லை. மீட்டரே அவ்வளவு துல்லியம் இல்லாதபோது மாடலில் அதைத் தேடக் கூடாது. மின்னணு மீட்டரின் பதிவு கிடைத்தால் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் தீரும். அதனால்தான் முதலிலேயே அதைக் கேட்கச் சொல்கிறேன்.

ஆம்பியரை மெகாவாட்டாக மாற்றுவது எளிது. 11 கேவி, 150 ஆம்பியர், பவர் ஃபேக்டர் 0.9 என்றால்: 1.732 × 11 × 150 × 0.9 = 2,572 கிலோவாட்; சுமார் 2.57 மெகாவாட். பவர் ஃபேக்டர் நாள் முழுக்க ஒரே அளவில் இருக்காது. மோட்டார் ஓடும் நேரத்தில் இறங்கும். அதனால் ஃபீடர் தாங்குமா என்ற கேள்விக்கு ஆம்பியரிலேயே கணிப்பது நல்லது. கம்பி சூடாவது ஆம்பியரால்தான்.

அடுத்தது பூஜ்யங்கள். தாளில் திடீரென்று 0 வரும். பிரேக்டவுனா, ஷட்டவுனா, எழுத விட்டுப்போனதா? இங்கே உங்களுக்கு உதவ ஒரு நல்ல ஆதாரம் நாளிதழ். மாதாந்திரப் பராமரிப்புக்காக எந்தப் பகுதியில் எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு மின்தடை என்று மதுரைப் பதிப்புகளில் தினமும் வருகிறது. அந்தப் பழைய பக்கங்களைத் தேதிவாரியாகச் சேர்த்துக் கொள்ளுங்கள். உங்கள் பூஜ்யங்களில் கணிசமானவற்றுக்குக் காரணம் அங்கேயே கிடைக்கும். காரணம் தெரிந்த பூஜ்யத்தை 'நிஜ லோடு தெரியாது' என்று குறித்து விட்டுவிடுங்கள். சராசரி போட்டு நிரப்பாதீர்கள்.

பூஜ்யத்தைவிட மோசமானது அதன் எதிர்ப்பக்கம். ஒரு ஃபீடரை நிறுத்தும்போது அதன் லோடைப் பக்கத்து ஃபீடருக்கு மாற்றுவார்கள். அப்போது பக்கத்து ஃபீடரில் லோடு ஒரேயடியாக ஏறும். தாளில் அது நிஜமான உச்சம் போலவே தெரியும். மாடலும் அதை நம்பிவிடும். ஆகவே உங்கள் ஃபீடரின் பதிவை மட்டும் வாங்காதீர்கள். லோடு மாற்றக்கூடிய பக்கத்து ஃபீடர்களையும் சேர்த்து வாங்குங்கள். இரண்டையும் கூட்டிப் பார்த்தால், ஒன்று இறங்கும்போது மற்றது அதே அளவு ஏறியது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: வெயிலும் பஞ்சாங்கமும்

வெப்பநிலைக்கும் லோடுக்கும் உள்ள தொடர்பைக் குளிர்நாட்டுப் பாடநூல்களில் கிண்ணம் போன்ற வளைவாக வரைந்திருப்பார்கள். குளிரிலும் ஹீட்டரால் லோடு ஏறும், வெயிலிலும் ஏசியால் ஏறும். மதுரையில் அந்த இடது பாதி கிடையாது. இங்கே மார்கழியில் யாரும் வீட்டைச் சூடாக்குவதில்லை. ஒரு குறிப்பிட்ட வெப்பநிலை வரை லோடு பெரிதாக அசையாது. அதைத் தாண்டினால் ஏறிக்கொண்டே போகும். அந்த வளைவு எங்கே திரும்புகிறது என்பதை உங்கள் ஃபீடரின் தரவிலிருந்தே கண்டுபிடியுங்கள். வெளிநாட்டுக் கட்டுரையில் உள்ள எண்ணை எடுத்து வைக்காதீர்கள்.

பகல் உச்ச வெப்பம் மட்டும் போதாது. வீடுகள் அதிகமுள்ள ஃபீடரில் இரவுக் குறைந்தபட்ச வெப்பநிலைதான் ஏசி விடியும் வரை ஓடுமா, நள்ளிரவில் அணைக்கப்படுமா என்பதைத் தீர்மானிக்கும். முந்தைய இரண்டு மூன்று நாட்களின் வெப்பத்தையும் சேருங்கள். கத்திரியில் தொடர்ந்து காய்ந்த கான்கிரீட் தளம் ராத்திரியும் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். அப்புறம் கோடை மழை: மாலையில் இடியோடு ஒரு மழை பெய்தால் ஏசி, விசிறி லோடு சட்டென்று விழும், மரக்கிளை விழுந்து ஃபீடரே டிரிப் ஆனாலும் ஆகலாம். இந்த மாலைகளை நேர்மையாகக் கணிப்பது இன்றைக்கும் கடினம். அதைக் கட்டுரையில் மறைக்காமல் தனி அட்டவணையாகக் காட்டுங்கள்.

வானிலைத் தரவுக்கு நாசா பவர் தளம் இலவசம், அட்சரேகை 9.93, தீர்க்கரேகை 78.12 என்று கொடுத்தால் மதுரைக்கு மணிவாரியாகக் கிடைக்கும். இரண்டு எச்சரிக்கைகள். அதன் ஒரு கட்டம் சுமார் 50 முதல் 70 கிலோமீட்டர் அகலம். சோழவந்தானில் பெய்து திருமங்கலத்தில் பெய்யாத மழை அதில் தெரியாது. இரண்டாவது, நேரம். உலக நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் வித்தியாசம் ஐந்தரை மணி. அந்த அரை மணியைக் கவனிக்காமல் மணியோடு மணியைப் பொருத்தினால் வெயிலும் லோடும் சற்றே விலகி நிற்கும். பிழை எங்கே என்று தேடித் தேடிச் சலித்துப்போவீர்கள். வானிலை ஆய்வு மையம் மதுரைக்கு வெளியிடும் முன்னறிவிப்பை இன்றிலிருந்தே தினமும் சேமியுங்கள். நடந்த வானிலை எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும். அன்றன்றைக்கு என்ன நடக்கும் என்று சொல்லியிருந்தார்கள் என்பது பின்னாளில் எளிதாகக் கிடைக்காது. காலை 10 மணிக்கு உங்கள் கையில் இருப்பது அந்த முன்னறிவிப்புதான்.

இனி நாள்காட்டி. மதுரைக்கு இதைவிட முக்கியமான பகுதி இல்லை. தைப்பொங்கல் சூரியக் கணக்கில் வருவதால் ஜனவரி 14 அல்லது 15இல் நிற்கும். அதையொட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு மூன்று நாட்கள். இதை ஆங்கிலத் தேதியை வைத்தே மாடலுக்குச் சொல்லிவிடலாம். ஆனால் அழகர் வைகையில் இறங்குவது சித்ரா பௌர்ணமியைப் பொறுத்தது. 2023இல் மே 5. 2024இல் ஏப்ரல் 23. 2025இல் மே 12. தீபாவளியும் இப்படித்தான்: 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31. "போன வருஷம் இதே தேதி" என்ற அம்சத்தை மாடலுக்குக் கொடுத்தால் திருவிழா முடிந்த நாளில் திருவிழா லோடைச் சொல்லும். ஆகவே தேதிக்குப் பதிலாக 'அழகர் இறங்குவதற்கு எத்தனை நாள் முன், எத்தனை நாள் பின்' என்று ஓர் எண்ணைக் கொடுங்கள். கொடியேற்றத்திலிருந்து வண்டியூர் வரை எந்த நாளில் கூட்டம் எங்கே நிற்கும் என்று ஊருக்கே தெரியும். அதை எண்ணாக்குவதுதான் உங்கள் வேலை. மண்டபங்கள் நிறைந்த தெருக்களின் ஃபீடர் என்றால் முகூர்த்த நாளையும் சேர்த்துச் சோதித்துப் பாருங்கள்.

ஃபீடருக்கு ஃபீடர் கதை மாறும். கப்பலூர் தொழிற்பேட்டைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைதான் பெரிய மாற்றம். மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்துப் பம்புசெட் ஃபீடரில் வெப்பநிலையைவிடத் தண்ணீர்தான் பேசும்: பெரியாறு கால்வாயில் தண்ணீர் வந்தால் மோட்டார் ஓயும், மழை பொய்த்தால் ஓடும், மும்முனை மின்சாரம் கொடுக்கும் நேரம் மாறினால் வளைவின் உருவமே மாறும். அங்கே வைகை அணையின் நீர்மட்டமும் நீர் திறப்புத் தேதிகளும் வெப்பமானியைவிட நல்ல உள்ளீடுகள். உசிலம்பட்டிப் பக்கம் ஆழ்துளைக் கிணறுகள் அதிகம். அதற்கு இன்னொரு கணக்கு.

நான்காம் படி: சும்மா ஒரு கணிப்பு

எந்த மாடலையும் தொடுமுன் இதைச் செய்யுங்கள்: போன வாரம் இதே கிழமை, இதே மணியில் என்ன லோடோ அதுதான் நாளைக்கும். அவ்வளவுதான். இதன் பிழையை அளந்து எழுதி வையுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு மாடலும் இதை ஜெயித்தாக வேண்டும். நம் ஊர் வீட்டு ஃபீடர்களில் இந்த எளிய கணிப்பு நன்றாகவே போட்டி போடும். அதை ஜெயிக்காத நரம்பியல் வலையமைப்பை யாருக்கும் காட்டத் தேவையில்லை.

ஐந்தாம் படி: மாடல், சோதனை

மாடல் விஷயத்தில் நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதலில் வெப்பநிலை, மணி, கிழமை, திருவிழா எண் ஆகியவற்றை வைத்து ஒரு நேர்கோட்டு ரிக்ரஷன். அடுத்து கிரேடியன்ட் பூஸ்டிங் (சிறுசிறு முடிவு மரங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துப் பிழையைக் குறைக்கும் முறை). இவை இரண்டும் பைத்தானில் இலவசம்; சாதாரண லேப்டாப்பில் சில நிமிடங்களில் ஓடும். எல்எஸ்டிஎம் போன்ற ஆழ்கற்றல் மாடல்கள் அதற்கப்புறம். ஒற்றை ஃபீடரின் மூன்று வருஷத் தரவு அவற்றுக்குப் பெரும்பாலும் குறைவு.

சோதனையில்தான் கண்டிப்பாக இருக்க வேண்டும். தரவைக் குலுக்கிப் போட்டு 80 சதவீதம் பயிற்சிக்கு, 20 சதவீதம் சோதனைக்கு என்று பிரிப்பது மற்ற துறைகளில் சரி. இங்கே அது தப்பு. 3 மணியும் 5 மணியும் பயிற்சியில் இருக்க 4 மணியைச் சோதித்தால் அது இடைவெளி நிரப்புவது, முன்கணிப்பு இல்லை. முதல் இரண்டு வருஷம் பயிற்சி, மூன்றாவது வருஷம் சோதனை. அதிலும் ஒவ்வொரு நாளாக நகர்ந்து, அந்தந்த நாள் காலை 10 மணி வரை தெரிந்ததை மட்டும் வைத்து மறுநாளைச் சொல்லுங்கள். சோதனையில் நடந்த வெப்பநிலையைக் கொடுத்திருந்தால் அதை வெளிப்படையாக எழுதுங்கள். முன்னறிவித்த வெப்பநிலையைக் கொடுத்தால் பிழை எவ்வளவு கூடுகிறது என்றும் காட்டுங்கள்.

ஆறாம் படி: பிழையை ரூபாயில் அளங்கள்

கட்டுரைகளில் பெரும்பாலும் சராசரிச் சதவீதப் பிழையைத்தான் கொடுப்பார்கள். அதை மட்டும் நம்பினால் ஏமாற வேண்டியிருக்கும். அதிகாலையில் 20 ஆம்பியர் இருக்கும்போது 25 என்று சொன்னால் 25 சதவீதப் பிழை. யாருக்கும் நஷ்டம் இல்லை. இரவு 10 மணிக்கு 215 வந்தபோது 200 என்று சொல்லியிருந்தால் 7 சதவீதம்தான். ஆனால் ஃபீடர் டிரிப் ஆவது அங்கேதான். சதவீதத்தோடு ஆம்பியரிலும் பிழையைக் கொடுங்கள். நாளின் உச்ச மணிக்கு மட்டும் தனியாகவும் கொடுங்கள்.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். கூட்டிச் சொல்வதும் குறைத்துச் சொல்வதும் ஒரே செலவு இல்லை. மின்சாரம் வாங்குபவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தேவையைக் குறைத்துச் சொன்னால் கடைசி நேரத்தில் வாங்க யூனிட்டுக்கு 6 ரூபாய் கூடுதலாகிறது. கூட்டிச் சொன்னால் யூனிட்டுக்கு 2 ரூபாய் வீணாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு வேண்டியது சராசரிக் கணிப்பு அல்ல. 6 ÷ (6 + 2) = 0.75. அதாவது 100 நாளில் 75 நாள் நிஜத் தேவை எந்த எண்ணுக்குள் அடங்குமோ, அந்த எண். செலவு விகிதம் மாறினால் இந்த 0.75உம் மாறும். கிரேடியன்ட் பூஸ்டிங்கிடம் இப்படிப்பட்ட எண்ணை நேரடியாகவே கேட்கலாம். முதல் படியில் முடிவெடுப்பவரைத் தேடிப் போகச் சொன்னது இதற்காகத்தான்: தப்பினால் அவருக்கு என்ன செலவு என்று தெரியாமல் எந்த எண்ணைக் கணிப்பது என்றே சொல்ல முடியாது. முன்கணிப்பும் உகப்பாக்கமும் கைகோக்கும் இடம் இது.

ஏழாம் படி: உகப்பாக்கம், முதலில் கையால்

கணிப்பு கிடைத்துவிட்டது: அடுத்த ஒரு மணி நேரத்துக்கு 300 மெகாவாட் வேண்டும். இரண்டு ஜெனரேட்டர்கள் இருக்கின்றன. எதில் எவ்வளவு? முதலாவதில் கூடுதலாக ஒரு யூனிட் எடுக்க ஆகும் செலவு 3.0 ரூபாயில் தொடங்கி மெகாவாட்டுக்கு 1 பைசா ஏறுகிறது. இரண்டாவதில் 3.6 ரூபாயில் தொடங்கி மெகாவாட்டுக்கு அரைப் பைசா ஏறுகிறது. விதி இதுதான்: இரண்டிலும் அடுத்த யூனிட்டின் செலவு சமமாகும் இடத்தில் நிறுத்து. முதலாவதில் 140 மெகாவாட் எடுத்தால் 3.0 + 1.4 = 4.4 ரூபாய். இரண்டாவதில் 160 எடுத்தால் 3.6 + 0.8 = 4.4 ரூபாய். சமம். இதுவே சிக்கனமான பங்கீடு. ஆளுக்குப் பாதியாக 150, 150 என்று பிரித்திருந்தால் மணிக்கு 750 ரூபாய் அதிகம் ஆகியிருக்கும். வருஷம் முழுக்க அதே நிலை நீடித்தால் 65 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய். காகிதத்தில் இதை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். இந்த விதி புரிந்துவிட்டால், லைனின் திறன், இழப்பு, வோல்டேஜ் எல்லாம் சேர்ந்த பெரிய கணக்குகள் பயமுறுத்தாது.

பகிர்மானப் பக்கம் ஆர்வம் உள்ளவர்கள் 33 பஸ் சோதனை அமைப்பில் தொடங்குங்கள் (பஸ் என்பது லைன்கள் சந்திக்கும் முனை). 1989இல் பரனும் வூவும் வெளியிட்டது, 12.66 கேவி, மொத்த லோடு 3,715 கிலோவாட். அளவில் நம் 11 கேவி ஃபீடருக்குப் பக்கத்தில் நிற்கிறது. லோடு ஃப்ளோ (ஒவ்வொரு முனையின் வோல்டேஜையும் லைனின் மின்னோட்டத்தையும் கண்டுபிடிக்கும் கணக்கு) ஓட்டினால் இழப்பு சுமார் 202.7 கிலோவாட் வர வேண்டும்; 18ஆவது பஸ்ஸில் வோல்டேஜ் பெயரளவு வோல்டேஜின் 0.913 பங்குக்கு இறங்கும். இந்த எண்கள் வராவிட்டால் அடுத்த வரி எழுதாதீர்கள். புரோகிராமில் எங்கோ தப்பு. வந்துவிட்டால், 32 சுவிட்சுகளோடு வழக்கமாகத் திறந்திருக்கும் 5 இணைப்புகளையும் வைத்துக்கொண்டு, எதைத் திறந்து எதை மூடினால் இழப்பு குறையும் என்று தேடுங்கள். 7, 9, 14, 32, 37 ஆகிய எண்ணுள்ள சுவிட்சுகளைத் திறந்து வைத்தால் இழப்பு சுமார் 139.6 கிலோவாட்டுக்கு இறங்கும் என்பது நன்கு அறியப்பட்ட விடை. புதுக் கம்பி இல்லை, புது டிரான்ஸ்பார்மர் இல்லை. சுவிட்சை மாற்றியதிலேயே இழப்பில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக மிச்சம். இழப்பு ஆம்பியரின் வர்க்கத்தோடு ஏறுவதுதான் காரணம்: ஆம்பியர் இரண்டு மடங்கானால் இழப்பு நான்கு மடங்கு.

மென்பொருளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். பாண்டாபவர், பைப்சா, ஓப்பன்டிஎஸ்எஸ் மூன்றும் இலவசம். கல்லூரியில் மேட்லேப் இருந்தால் மேட்பவரும் உண்டு. நேரியல் கணக்குகளுக்கு ஹைஸ் என்ற இலவசத் தீர்ப்பி (சால்வர்) தாராளமாகப் போதும்.

அல்காரிதம் தேர்வு பற்றி ஒரு வார்த்தை. 1995இல் வந்த துகள் திரள் முறைக்குப் பின் வௌவால், ஓநாய், திமிங்கலம் என்று எத்தனையோ பெயர்களில் தேடல் முறைகள் வந்துவிட்டன. எல்லோரும் எடுக்கும் அதே 30 பஸ் சோதனை அமைப்பில் புதுப் பெயருள்ள ஒன்றை ஓட்டி, கடைசித் தசமத்தில் முன்னேற்றம் காட்டுவதை ஆராய்ச்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்கள் கணக்கை நேரியலாகவோ குவி (கான்வெக்ஸ்) வடிவிலோ எழுத முடியுமா என்று முதலில் பாருங்கள். முடிந்தால் தீர்ப்பி உறுதியான உகந்த விடையைத் தரும். முடியாத கணக்குக்கு மட்டும் திரள் முறைகளுக்குப் போங்கள். போனால் ஒரு ஓட்டத்தின் நல்ல விடையை மட்டும் காட்டாமல், பல ஓட்டங்களின் சராசரியையும் மோசமான விடையையும் சேர்த்துக் கொடுங்கள். மதுரையில் ஒரு ஃபீடரின் இழப்பை மெய்யாகவே குறைத்துக் காட்டினால் அதற்கு நிகரான கட்டுரை வேறில்லை.

எட்டாம் படி: சப்ஸ்டேஷனுக்குத் திரும்பக் கொண்டுபோங்கள்

ஆய்வேட்டை எழுதி முடித்த பிறகு அல்ல, மாடல் ஓடத் தொடங்கியதுமே இதைச் செய்யுங்கள். உதவிப் பொறியாளரிடம் 60 பக்கத்தைக் கொடுக்காதீர்கள். ஒரு தாள் போதும்: 24 வரிசை, ஒவ்வொரு மணிக்கும் நாளைக்கு எதிர்பார்க்கும் ஆம்பியர், அதற்கு மேலும் கீழும் எவ்வளவு வரை போகலாம் என்று இரண்டு எண்கள், ஃபீடரின் வரம்பைத் தாண்டக்கூடிய மணிகளில் ஒரு குறி. பக்கத்திலேயே இரண்டு காலிக் கட்டங்கள் விடுங்கள். ஒன்று நிஜமாக வந்த ஆம்பியருக்கு, மற்றொன்று காரணத்துக்கு. "மண்டபத்தில் கல்யாணம்", "பக்கத்து ஃபீடர் லோடு மாற்றியது", "மழை" என்று அவர்கள் கிறுக்கித் தரும் குறிப்புகளை வாரம் ஒருமுறை வாங்கி வந்து கணினியில் ஏற்றுங்கள். எந்தக் காரணம் திரும்பத் திரும்ப வருகிறதோ, அதுதான் உங்கள் மாடலில் அடுத்துச் சேர்க்க வேண்டிய உள்ளீடு. கூரையில் சோலார் பேனல் போட்ட வீடுகள் அந்த ஃபீடரில் எத்தனை என்பதையும் அதே போக்கில் செக்‌ஷன் அலுவலகத்தில் கேட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக் கொள்ளுங்கள். மதிய லோடு ஏன் வருஷாவருஷம் இறங்குகிறது என்ற கேள்விக்கு விடை அங்கே இருக்கலாம்.